தண்ணி, கொலாப்ஸ், ஏஆர்டிஎஸ்: ஒரே நோயாளிக்கு ஏன் மூன்று பெயர்?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். அப்பாவுக்கு 61 வயது, சர்க்கரை இருக்கிறது. ஆறு நாள் காய்ச்சலுக்குப் பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் காட்டிய இடத்தில் "நுரையீரலில் தண்ணி கோர்த்திருக்கு" என்றார்கள். மறுநாள் எக்ஸ்ரேயைப் பார்த்த இன்னொரு டாக்டர் "இடது பக்கம் கீழே கொலாப்ஸ் ஆகியிருக்கு" என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றியதும் "ஏஆர்டிஎஸ்" (நுரையீரல் முழுக்கப் புண்பட்டு மூச்சு கடுமையாகத் திணறும் நிலை) என்று சொல்லி, வென்டிலேட்டர் வைத்து, குப்புறப் படுக்கப் போட்டிருக்கிறார்கள். தண்ணி என்றால் ஊசி போட்டு எடுத்துவிடலாமே, ஏன் எடுக்கவில்லை, யார் சொன்னது தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, இவை மூன்று நோயா, ஒரே நோயின் மூன்று பெயரா, இப்போது நடக்கும் வைத்தியம் சரியான நோய்க்குத்தான் நடக்கிறதா என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் நுரையீரல் மருத்துவன். அரசு மருத்துவமனையிலும் தனியாரிலும் வேலை பார்த்திருக்கிறேன். அப்பாவின் எக்ஸ்ரேயையோ ரத்த அறிக்கையையோ நான் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு இன்னதுதான் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கலாம், அதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்று புரிய, தண்ணியோ காற்றோ எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். மூச்சுத்திணறல் எல்லாவற்றிலும் ஒன்றுதான். இடம்தான் வேறு, வைத்தியம் அந்த இடத்தைப் பொறுத்தது.

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. ஒன்று நுரையீரலோடு ஒட்டியது, மற்றது விலா எலும்புகளின் உள்பக்கத்தோடு ஒட்டியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்கு இரண்டு டீஸ்பூன்கூட வராத அளவு திரவம் இருக்கும். நனைத்த இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் வழுக்கும், ஆனால் பிரிக்க வராது இல்லையா, அந்த ஏற்பாடுதான் இது. நுரையீரல் தன்னிச்சைக்கு விட்டால் சுருங்கப் பார்க்கும், மார்புக்கூடு வெளியே விரியப் பார்க்கும். இந்த இழுபறியால் உறைகளுக்கு நடுவில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவாக இருக்கிறது. நுரையீரல் விரிந்து நிற்பது அதனால்தான். உறைகளுக்கு உள்ளே, நுரையீரலுக்குள், கோடிக்கணக்கான காற்றுப் பைகள். ஒவ்வொன்றின் உள்சுவரிலும் சர்ஃபாக்டன்ட் என்ற சோப்பு போன்ற பொருள் பூசியிருக்கிறது. அது இல்லாவிட்டால் மூச்சை விட்டதும் அந்தச் சிறு பைகள் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் கொலாப்ஸ். எங்கள் ஆட்கள் இந்த ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைமைகளுக்குச் சொல்கிறார்கள், குடும்பத்தார் குழம்புவதில் ஆச்சரியமில்லை. ஒன்று, உறைகளுக்கு நடுவில் காற்று புகுந்து நுரையீரல் சுருங்குவது. இதை நியூமோதொராக்ஸ் என்போம். உயரமான, ஒல்லியான, சிகரெட் பிடிக்கும் இளைஞனுக்கு நுரையீரலின் உச்சியில் இருக்கும் சிறு கொப்புளம் எந்தக் காரணமும் இல்லாமல் உடைந்து வரலாம். பழைய காசநோய்த் தழும்பு, பல வருடப் புகையால் கெட்ட நுரையீரல், விபத்தில் உடைந்த விலா எலும்பு ஆகியவையும் காரணம். திடீரென்று ஒரு பக்கம் குத்தும், மூச்சு வாங்கும். தட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் வெறுமையாக ஒலிக்கும், ஸ்டெதஸ்கோப்பில் மூச்சுச் சத்தம் குறைந்திருக்கும்.

இதில் ஒரு வகை மட்டும் நிமிடக்கணக்கில் உயிரை எடுக்கும். ஓட்டை ஒருவழி வால்வாகிவிட்டால் காற்று உள்ளே போகும், வெளியே வராது. அழுத்தம் ஏற ஏற இதயத்தையும் பெரிய ரத்தக் குழாய்களையும் மறுபக்கம் தள்ளும், ரத்த அழுத்தம் விழும், கழுத்து நரம்பு புடைக்கும். டென்ஷன் நியூமோதொராக்ஸ் என்பது அது. எக்ஸ்ரேக்கு அனுப்பிக் காத்திருக்கக் கூடாது, அந்த இடத்திலேயே ஊசி குத்திக் காற்றை விட வேண்டும், அப்புறம் விலா இடுக்கு வழியாக நெஞ்சுக்குள் குழாய். இதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சாதாரண வகையில்தான் இப்போது பேச்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், வேறு நுரையீரல் நோய் இல்லாத இளைஞர்களுக்குக் குழாய் போடாமல் கவனித்து மட்டும் வந்தபோது, பெரும்பாலோருக்கு எட்டு வாரத்துக்குள் நுரையீரல் தானே விரிந்தது. திரும்பி வந்து எக்ஸ்ரே எடுக்காதவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து அந்த முடிவு கொஞ்சம் ஆடுகிறது. ஆனால் காற்று என்றாலே குழாய் என்ற பழைய வழக்கம் தளர்ந்துவிட்டது. ஒருமுறை வந்தவருக்கு நுரையீரல் முழுதாக விரிந்ததை எக்ஸ்ரேயில் உறுதிசெய்யும்வரை விமானப் பயணம் கூடாது. கடலடி நீச்சல் அநேகமாக வாழ்நாள் முழுக்க வேண்டாம்.

இன்னொரு கொலாப்ஸில் உறைகளுக்கு நடுவில் ஒன்றும் புகுந்திருக்காது. மூச்சுக்குழாயின் ஒரு கிளை அடைபட்டால், அதற்கு அப்பால் மாட்டிய காற்றை ரத்தம் மெதுவாக உறிஞ்சிவிடும், அந்தப் பகுதி வற்றிச் சுருங்கும். இது அட்டெலெக்டாசிஸ். அடைப்பது கெட்டிச் சளியாக இருக்கலாம், கட்டியாக இருக்கலாம், குழந்தைகளில் நிலக்கடலையாகவோ புளியங்கொட்டையாகவோ இருக்கலாம். காரணம் தெரியாமல் ஒரு குழந்தைக்கு ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா வந்தால், கடலை தின்னும்போது புரையேறியதா என்று வீட்டில் விசாரிக்க வேண்டும். வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு வலியால் ஆழ்ந்து மூச்சு எடுக்காதவர்களுக்கும் நுரையீரலின் அடிப்பகுதி இப்படிச் சுருங்கும். அதற்குத்தான் அந்த மூன்று பந்துக் கருவி. அதை ஊதக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். வார்டில் பாதிப் பேர் பலூன் மாதிரி ஊதிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம், யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

அப்பாவின் எக்ஸ்ரேயில் இடது பக்கம் கீழே வெண்மை தெரிந்தால் அது சுருங்கிய நுரையீரலா, சுற்றி நிற்கும் நீரா, நிமோனியாவா என்பது முதல் பார்வையில் தெரியாமல் போகலாம், மூன்றும் வெள்ளைதான். பெரிய அளவில் இருந்தால் மூச்சுக்குழாயும் இதயமும் நகர்ந்திருக்கும் திசை காட்டிக்கொடுக்கும். சுருங்கிய பகுதி அவற்றைத் தன் பக்கம் இழுக்கும், நிறைய நீர் சேர்ந்தால் மறுபக்கம் தள்ளும். சிறிய அளவில் இந்த அடையாளம் கிடைக்காது. ஐசியு படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைத்து எடுக்கும் படத்தில் இன்னும் கஷ்டம், நீர் முதுகுப் பக்கம் பரவி லேசான புகைபோலத்தான் தெரியும். அங்கே அல்ட்ராசவுண்ட் நல்ல உதவி. படுக்கையருகிலேயே வைத்துப் பார்த்து, நீர் இருக்கிறதா, எவ்வளவு, ஊசி போட இடம் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஆகவே "கொலாப்ஸ்" என்று ஒருவரும் "தண்ணி" என்று இன்னொருவரும் சொன்னதை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்க மாட்டேன்.

சரி, தண்ணிக்கு வருவோம். உறைகளுக்கு நடுவில் நீர் சேர்வது ப்ளூரல் எஃப்யூஷன். ஊசி போட்டு எடுக்கலாம் என்று நீங்கள் நினைப்பது இதைத்தான். இதயம், ஈரல், சிறுநீரகம் பலவீனமானால் ரத்தத்தின் அழுத்தமோ புரதமோ மாறி நீர் கசியும், அங்கே வைத்தியம் அந்த உறுப்புக்கு. ஈரல் நோயில் வலது பக்கம் சேரும் நீருக்கு நிரந்தரக் குழாய் போட்டுவிட்டால் புரதமும் உப்பும் நாள்தோறும் வடிந்து நோயாளி தேய்ந்துவிடுவார், அதனால் முடிந்தவரை தவிர்ப்போம். காசநோய், நிமோனியா, புற்றுநோய் ஆகியவற்றில் உறையே அழன்று நீரை விடும். இரண்டையும் பிரிக்க, எடுத்த நீரில் உள்ள புரதத்தையும் எல்டிஎச் என்ற நொதியையும் ரத்தத்தில் உள்ளவற்றோடு ஒப்பிடுகிறோம். ரிச்சர்ட் லைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1972-ல் சொன்ன அளவுகோல் அது. நீரில் உள்ள புரதம் ரத்தத்தில் உள்ளதில் பாதிக்கு மேல் இருந்தால், உறையில்தான் கோளாறு என்று தேட ஆரம்பிப்போம். நம் ஊரில் ஒரு இளைஞருக்குக் காய்ச்சலோடு ஒரு பக்கம் மட்டும் நீர் சேர்ந்தால் காசநோய்தான் முதல் சந்தேகம். நீரில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் அதிகமாகவும் ஏடிஏ என்ற நொதியின் அளவு 40-க்கு மேலும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் ஏடிஏ சீழிலும் சில வகைப் புற்றிலும்கூட ஏறும், அதை மட்டும் வைத்துக் காசநோய்க்கான ஆறு மாத மாத்திரை தொடங்குவது எனக்கு உவப்பில்லை.

நீர் சீழாக மாறியிருந்தால், அல்லது அமிலத்தன்மை ஏறி அதன் பிஎச் 7.2-க்குக் கீழே போயிருந்தால் குழாய் வைத்தே ஆக வேண்டும், ஆன்டிபயாடிக் மட்டும் போதாது. சர்க்கரை நோயாளிக்கு நிமோனியாவோடு நீர் என்றால் இதைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். மற்றபடி நிறைய நீர் இருந்தாலும் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் உறிஞ்சுவதில்லை. வழக்கமாக ஒரு தடவைக்கு ஒன்றரை லிட்டர் அளவில், நோயாளிக்கு இருமலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் அதற்கு முன்பே, நிறுத்திவிடுவோம். நெடுநாள் சுருங்கியிருந்த நுரையீரல் சட்டென்று விரிந்தால் அதன் உள்ளேயே நீர் கசியக்கூடும். அபூர்வம்தான், வந்தால் மோசம்.

இப்போது நுரையீரலின் உள்ளே நிற்கும் நீர். இதை ஊசியால் எடுக்க முடியாது. கோடிக்கணக்கான காற்றுப் பைகளுக்குள் பரவியிருப்பதை எந்த ஊசி எட்டும்? இதற்கு இரண்டு வழி உண்டு. இதயத்தின் இடது பக்கம் ரத்தத்தை முன்னே தள்ள முடியாமல் பின்னால் தேங்கினால், நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் பிதுங்கும். மாரடைப்பு, ரத்த அழுத்தம் எகிறுவது, வால்வு நோய் எல்லாம் இதைக் கொண்டுவரும். இரவில் படுத்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்காருவார்கள், சில சமயம் இளஞ்சிவப்பு நுரை வரும். இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு ஆக்ஸிஜன், ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட், சிறுநீரைக் கூட்டும் ஃப்யூரோஸெமைடு ஊசி கொடுத்தால் ஒரு சில மணி நேரத்தில் ஆளே மாறிவிடுவார். எங்கள் தொழிலில் இவ்வளவு சீக்கிரம் பலன் கண்ணில் தெரிவது குறைவு.

மற்ற வழிதான் ஏஆர்டிஎஸ். இங்கே இதயம் சரியாகவே இருக்கும், ரத்தக் குழாய்க்கும் காற்றுப் பைக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய சுவர் புண்பட்டிருக்கும். அழுத்தம் கூடாமலே புரதம் நிறைந்த நீர் கசிகிறது, சர்ஃபாக்டன்ட் கெடுகிறது, பைகள் ஒட்டிக்கொள்கின்றன. அதாவது ஏஆர்டிஎஸ்ஸுக்குள்ளேயே தண்ணியும் இருக்கிறது, கொலாப்ஸும் இருக்கிறது. உங்கள் குழப்பத்தின் பாதி இங்கே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். 1967-ல் அமெரிக்காவின் டென்வரில் ஆஷ்பாவும் சகாக்களும் 12 நோயாளிகளைப் பற்றி எழுதியபோதே, காரணம் வெவ்வேறாக இருந்தும் நுரையீரல் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்பதைக் கவனித்தார்கள். நிமோனியா, உடம்பு முழுக்கப் பரவிய கிருமித் தொற்று, வாந்தி புரையேறி நுரையீரலுக்குள் போவது, கணைய அழற்சி, பெரிய விபத்து, நீரில் மூழ்குவது, அபூர்வமாக ரத்தம் ஏற்றுவது என்று காரணங்கள் பல. காரணம் நேர்ந்து ஒரு வாரத்துக்குள் வருவது, இரண்டு பக்கமும் வெண்மை, இதயத்தால் மட்டும் விளக்க முடியாத நிலை, ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அழுத்தத்தை நாம் கொடுக்கும் ஆக்ஸிஜன் விகிதத்தால் வகுத்தால் 300 அல்லது அதற்குக் கீழே வருவது, இவை 2012-ல் வகுத்த அடையாளங்கள். 200-க்குக் கீழே நடுத்தரம், 100-க்குக் கீழே கடுமை. பழைய தாள்களில் "அக்யூட் லங் இஞ்சுரி" என்று தனிப்பெயர் பார்த்திருந்தால், அது லேசான வகைக்கு வைத்த பெயர், 2012-க்குப் பிறகு அதைத் தனியாகப் பிரிப்பதில்லை.

ஆறு நாள் காய்ச்சல் என்று நீங்கள் எழுதியதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் காய்ச்சலுக்குப் பின் ஏஆர்டிஎஸ் என்றால் நிமோனியா, ஃப்ளூ, கொரோனா ஆகியவற்றோடு ஸ்க்ரப் டைஃபஸையும் எலிக்காய்ச்சலையும் தேட வேண்டும். ஸ்க்ரப் டைஃபஸ் புதர்ப் பக்கம் இருக்கும் ஒரு நுண்ணிய உண்ணியின் குஞ்சு கடித்து வருவது, மழைக்காலத்திலும் அதை ஒட்டிய குளிர் மாதங்களிலும் அதிகம். கடித்த இடத்தில் வலியில்லாத கறுத்த பொருக்கு இருக்கும், அக்குளிலோ தொடையிடுக்கிலோ மார்புக்கு அடியிலோ. துணி விலக்கித் தேடினால்தான் கிடைக்கும், கிடைக்காமலும் போகலாம். வழக்கமாக ஐசியுவில் ஓடும் செஃப்ட்ரியாக்ஸோன் போன்ற மருந்துகள் இதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் வேண்டும். வேலூர் சிஎம்சி முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான இந்திய ஆய்வு, கடுமையான நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டியது. "ஸ்க்ரப்புக்கு மருந்து ஓடுகிறதா?" என்று கேட்பதில் தப்பே இல்லை. பெரும்பாலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தக் காய்ச்சல்களிலும் டெங்குவிலும் ரத்தக் குழாய்கள் கசிந்து, உறைகளுக்கு நடுவிலும் கொஞ்சம் நீர் சேரும். முதல் ஆஸ்பத்திரியில் சொன்ன தண்ணி அதுவாக இருந்திருக்கலாம். அந்தக் கொஞ்ச நீரை எடுப்பதால் மூச்சு பெரிதாகத் தேறாது, நோய் இறங்கினால் உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது ஊசி குத்தினால் ரத்தக்கசிவு அபாயம் வேறு. ஏன் எடுக்கவில்லை என்பதற்கு அநேகமாக இதுதான் விடை. நீர் அதிகமாகவோ சீழாகவோ இருந்தால் கணக்கு வேறு என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

வென்டிலேட்டர் ஏஆர்டிஎஸ்ஸைக் குணப்படுத்துவதில்லை, சுவர் ஆறும்வரை ஆளைத் தாங்கிப் பிடிக்கிறது. தப்பாக ஓட்டினால் அதுவே கெடுக்கும். விரியக்கூடிய பைகள் கொஞ்சம்தான் மிச்சம், அவற்றுக்குள் முழு அளவுக் காற்றைத் தள்ளினால் கிழிந்துவிடும். 2000-ல் வந்த அமெரிக்க ஆய்வில் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கிலோ எடைக்கு 12 மில்லி காற்று கொடுத்தபோது 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள், 6 மில்லி கொடுத்தபோது 31 சதவீதம். அந்தக் கிலோ உயரத்தை வைத்துக் கணக்கிடுவது, தராசு எடை அல்ல. 165 செ.மீ உயர ஆணுக்கு அவர் 85 கிலோ இருந்தாலும் சுமார் 370 மில்லிதான். குப்புறப் போடுவதும் தண்டனை மாதிரித் தெரியும், ஆனால் நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது, மல்லாந்து படுக்கையில் இதயமும் நீரில் கனத்த நுரையீரலும் அதை அமுக்குகின்றன. திருப்பிப் போட்டால் அமுங்கிய பைகள் திறக்கும். 2013-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், கடுமையான ஏஆர்டிஎஸ் நோயாளிகளைத் தினம் 16 மணி நேரத்துக்கு மேல் குப்புறப் போட்டபோது 28 நாளில் இறப்பு 32.8 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. உங்கள் அப்பாவுக்கு அதைச் செய்கிறார்கள் என்றால் அந்த ஐசியு வேலை தெரிந்த இடம் என்றே எடுத்துக்கொள்வேன். முகம் வீங்கியிருக்கும், பார்க்கச் சங்கடமாக இருக்கும், பயப்பட வேண்டாம்.

ஸ்டீராய்டு பற்றி யாராவது ஒருவர் கொடுக்கச் சொல்வார், ஒருவர் வேண்டாம் என்பார். கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்பட்டவர்களுக்கு டெக்ஸாமெத்தஸோன் உயிர் காத்தது 2020-ல் உறுதியானது. மற்ற காரணங்களால் வரும் ஏஆர்டிஎஸ்ஸில் 2024 வழிகாட்டுதல்கள் கொடுக்கலாம் என்ற பக்கம் சாய்கின்றன. ஆனால் எந்த அளவு, எந்த நாளில், எத்தனை நாள் என்பதில் இன்னும் இழுபறிதான், ஃப்ளூவால் வந்ததென்றால் தயக்கமும் உண்டு. சர்க்கரை இருப்பவருக்கு இது ஒரு தராசு முடிவு, பக்கத்தில் இருக்கும் டாக்டரிடம் விட்டுவிடுங்கள். சலைன் விஷயத்தில் ஓரளவு தெளிவு இருக்கிறது. ரத்த அழுத்தம் நிலைத்த பிறகு நீரைக் கட்டுப்படுத்தினால் வென்டிலேட்டரிலிருந்து சீக்கிரம் விடுபடுகிறார்கள், ஆனால் இறப்பு குறைந்ததாக நிரூபணமாகவில்லை. "அப்பாவுக்கு குளுக்கோஸ் ஏத்தவே மாட்டேங்கிறாங்க" என்று சொந்தக்காரர்கள் புலம்பினால் இதைச் சொல்லுங்கள்.

அடுத்த சில நாளில் நான்காவது பெயர் ஒன்றும் காதில் விழலாம். வென்டிலேட்டரில் இருக்கும்போது நோயுற்ற பை கிழிந்து நியூமோதொராக்ஸ் வரலாம். ஆக்ஸிஜன் திடீரென்று இறங்கி, ரத்த அழுத்தமும் விழுந்தால் அதைத்தான் முதலில் தேடுவார்கள், உடனே ஐசிடி என்ற நெஞ்சுக் குழாயைப் போடுவார்கள். குழாயின் முனை இருக்கும் பாட்டிலில் குமிழி வந்தால் காற்று வெளியேறுகிறது என்று அர்த்தம். அந்தப் பாட்டிலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே யாரும் தூக்கக் கூடாது. குமிழி வரும் குழாயை ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது க்ளாம்ப் போடுவதும் ஆபத்து.

பிழைப்பாரா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனதில் இருக்கும். 50 நாடுகளில் எடுத்து 2016-ல் வெளியான கணக்கெடுப்பில், ஏஆர்டிஎஸ் வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் ஆஸ்பத்திரியிலேயே இறந்தார்கள். அது எல்லாக் காரணங்களையும் சேர்த்த எண். ஸ்க்ரப் டைஃபஸ் போலத் தனி மருந்து உள்ள நோய், நேரத்தோடு கண்டுபிடிக்கப்பட்டால், அந்த எண்ணைவிட நம்பிக்கை தருவது. எழுந்து வருபவர்களில் பெரும்பாலோருக்கு நுரையீரல் சில மாதங்களில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிடும். மிச்சம் நிற்பது தசை பலவீனமும், தூக்கமின்மையும், ஐசியு நினைவுகளால் வரும் பயமும், மறதியும். வருடக்கணக்கில்கூட நீடிப்பதுண்டு. வீட்டுக்கு வந்ததும் "ரெஸ்ட் எடுங்கப்பா" என்று கட்டிலிலேயே வைத்திருக்காதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் நடையை முதல் வாரத்திலேயே தொடங்குங்கள், முட்டை, பருப்பு என்று புரதம் கூட்டுங்கள், மூன்று மாதம் கழித்து நடைப் பரிசோதனையும் நுரையீரல் திறன் பரிசோதனையும் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். இன்று மாலை பார்வை நேரத்தில் கேட்க வேண்டியது மூன்றுதான்: எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் எப்படி இருக்கிறது, காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று எதையெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள், ரத்த ஆக்ஸிஜனைக் கொடுக்கும் ஆக்ஸிஜனால் வகுத்து வரும் எண் (மேலே சொன்ன 300, 200 கணக்கு) நேற்றைவிட இன்று ஏறியிருக்கிறதா. பதிலை இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன்.